சோறு கொஞ்சம், குழம்பு தாராளம்

"இனிமேல் உடம்பைப் பார்த்துக்கணும்" என்று ஒரு வீட்டில் முடிவெடுத்ததும் முதலில் பரணுக்குப் போவது குழம்புச் சட்டிதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி காய்ந்துபோன இரண்டு சப்பாத்தி, நடுவில் நாலு வெள்ளரித் துண்டு. கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு எல்லாம் "இனி ஆகாது" என்று ஒதுக்கப்பட்டுவிடும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். ருசியாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இப்படி எத்தனை நாள் இருப்பார்கள்? கொஞ்ச நாளில் பழைய சாப்பாடு பழைய அளவிலேயே திரும்பி வந்துவிடும்.

இந்த ஒதுக்கலை நான் மனதார எதிர்க்கிறேன். நம் அடுப்பில் பொங்கும் கனமான சாப்பாடுதான் நம்மிடம் இருப்பதிலேயே சத்தானது. பருப்பும் கீரையும் காயும் மீனும் ஒரே சட்டியில் சேர்வது அதில்தான். உடம்புக்குப் பாரமாவது அந்தச் சட்டி அல்ல, அதன் பெயரைச் சொல்லி நாம் தட்டில் குவிக்கும் சோறு. குழம்பையும் காயையும் சாப்பாடாக எண்ணி, சோற்றை அதற்குத் துணையாக வைத்துக்கொண்டால் ஒரு பதார்த்தத்தைக்கூட விட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறோம். அதை எப்படிச் செய்கிறோம் என்பதை இங்கே விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, இருப்பது தாம்பரத்தில். அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் என்று ஐந்து பேர். அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் குடும்பத்தில் உண்டு. தமிழ்நாட்டில் இப்படி இல்லாத வீடு குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர், கிட்டத்தட்ட ஏழில் ஒருவர்.

நம் தட்டில் சோறு கூடுதல், மற்றதெல்லாம் குறைச்சல் என்பதை யாரோ இப்போது கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குன்னூரில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னக் கூடம் தொடங்கினார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்கிறவர்களைப் பிடிக்கும் நோய் அது. தவிடு போகும்போது தயமின் என்ற சத்தும் கூடவே போய்விடுவதுதான் காரணம். நெல்லைப் புழுக்கினால் அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்கு உள்ளே இறங்கிவிடும். அதனால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் புழுங்கல்தான்.

மெக்காரிசன் 1920-களில் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி என்றிருந்த சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் வளர்த்தியில் முதலிடம். கடைசியில் வந்தவை சென்னை மாகாணத்துச் சாப்பாட்டை உண்டவை. வெள்ளைச் சோறு நிறைய, பருப்பும் காயும் பெயருக்கு, பால் அதைவிடக் குறைவு. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. அன்றைய ஏழை வீட்டுத் தட்டு அது, காயும் பருப்பும் வாங்க வழியில்லாத தட்டு. இன்றைக்கு வாங்க முடிகிற வீடுகளிலும் அளவு மட்டும் மாறாமல் இருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

அந்தக் குன்னூர்க் கூடம்தான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இப்போது அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2024-ல் அவர்கள் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காய், கீரை, பழமாக இருக்கட்டும் என்கிறது. ஒரு நாளில் உடம்புக்குப் போகும் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சிறுதானியமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. நூறு வருஷம் கழித்தும் சங்கதி அதேதான்.

சரி, அடுப்பங்கரைக்கு வருகிறேன்.

கூட்டாஞ்சோறுதான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. ஆச்சி காலத்தில் எங்கள் வீட்டில் 400 கிராம் அரிசிக்கு 100 கிராம் துவரம்பருப்பு என்ற கணக்கு. காய் வீட்டில் இருக்கிறதைப் பொறுத்து. நான் இப்போது ஐந்து பேருக்கு 200 கிராம் அரிசி, 200 கிராம் பருப்பு, ஒரு கிலோ காய், அது போக ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரை என்று போடுகிறேன். துவரம்பருப்பில் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, அரிசியில் ஏழெட்டு கிராம்தான். ஆகவே அரிசி பாதியாகக் குறைந்தும் சட்டியில் இருக்கும் மொத்தப் புரதம் குறையவில்லை, கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. காய் சேரச் சேரச் சட்டியும் நிறைந்துவிடும். பரிமாறும்போது யாருக்கும் குறைச்சலாகத் தெரியாது.

பருப்பு கூடினால் பக்குவம் மாறும், அதைத்தான் கவனிக்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்து பருப்பு முழிக்கும். அதனால் பருப்பை மஞ்சள்பொடியோடு முதலில் முக்கால் வேக்காடு வேகவிடுகிறேன். பிறகு அரிசி, கூடவே வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய் மாதிரி வேக நேரமெடுக்கும் காய்கள். அரிசி பாதி வெந்ததும் கத்தரிக்காய், அவரைக்காய், உரித்த சின்ன வெங்காயம். புளித்தண்ணியையும் மாங்காயையும் பருப்பு நன்றாக மலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முதலில் போய்விட்டால் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். அப்புறம் அரைப்பு. தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், நாலைந்து சின்ன வெங்காயம். தேங்காய் அரை மூடி போட்ட இடத்தில் இப்போது கால் மூடிதான் போடுகிறேன். அம்மியில் அரைத்த மாதிரி கொரகொரப்பாக, சீரகத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து அரைத்தால் கால் மூடியின் மணமே சட்டி முழுக்க வரும். கீரையைக் கடைசியில் போட்டு ஒரு கொதி, அவ்வளவுதான். அதற்கு மேல் வெந்தால் நிறமும் போகும், கசப்பும் வரும்.

தாளிப்புக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, வெங்காய வடகம். வடகம் சிவந்து மணம் வந்ததும் சட்டியில் கொட்டி உடனே மூடிவிட வேண்டும். எண்ணெய் குறைவாக இருந்தாலும் கூட்டாஞ்சோற்றுக்கு உயிர் கொடுப்பது அந்த வடகம்தான். வடகத்தில் ஏற்கெனவே உப்பு உண்டு, அதனால் சட்டியில் போடும் உப்பைக் குறைத்தே போடுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ்வற்றலும்தான் வழக்கம். எங்கள் வீட்டில் இப்போது சுட்ட அப்பளம், ஆளுக்கு ஒன்று. ஒரு கிண்ணம் தயிர்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு முதலில் பிடிக்கவே இல்லை. "ஏட்டி, இது கூட்டாஞ்சோறா, கூட்டா?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. அறுபது வருஷச் சமையல் கை அது. சோறு ஓரளவுக்கு மேல் குறைந்தால் இந்தப் பதார்த்தத்துக்கு உடம்பு இருக்காது, தளதளவென்று கூட்டாகவே போய்விடும். சரிபாதி என்பதுதான் எல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவுக்கு வந்தோம். அதற்குக் கீழே போனால் பெயரை மாற்றிவிடலாம்.

அடுத்தது உளுந்தஞ்சோறு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, அரிசி, வெந்தயம், உரித்த பூண்டு, சீரகம், கொஞ்சம் தேங்காய்த் துருவல் சேர்த்து வேகவைக்கும் சோறு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பழைய அளவு. இதையும் சமபாதி ஆக்கிவிட்டேன். உளுந்து கூடினால் கொஞ்சம் பிசுபிசுப்பு ஏறும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, வெந்த பிறகு கிளறாமல் பத்து நிமிடம் மூடி வைத்தால் சரியாகிவிடும். தொலியில் நார்ச்சத்து இருக்கிறது, கழுவித் தொலைத்துவிடாதீர்கள். இது வயிற்றில் நின்று பசி தாங்கும் சோறு. மத்தியானம் இதைச் சாப்பிட்டால் சாயங்காலம் பலகாரத்தைத் தேடிக் கை போகாது.

அதற்கு எள்ளுத் துவையல் இல்லாமல் முடியாது. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான், அதனால் துவையலுக்கு மேல் தனியாக நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். ருசியில் ஒரு குறையும் தெரியவில்லை. கூடவே அவியல், தட்டில் சோற்றுக்குச் சரிசமமாக.

எண்ணெய் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. செக்கெண்ணெயா, நல்லெண்ணெயா, கடலையெண்ணெயா என்று எல்லோரும் வகையைப் பற்றியே பேசுகிறார்கள். வகை முக்கியம்தான். ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு ஒன்பது கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 120 கலோரி போய்விடும். கடையில் மரச்செக்கு என்று எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தாளிப்பையும் அளந்து கொண்டிருப்பதில்லை. ஐந்து பேருக்கு மாதம் எல்லா எண்ணெயும் சேர்த்து நாலு லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆளுக்கு நாளைக்கு 25 மில்லிக்குப் பக்கத்தில் வரும். ஒரு நாள் வாழைக்காய் பஜ்ஜி போட்டால் மற்ற நாள்களில் கை தானாக அடங்குகிறது. இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் விருந்தாளி வந்த வீட்டில் அளவுக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கறிக்குழம்பைச் சனிக்கிழமை சாயங்காலமே பாதி முடித்துவிடுவேன். எலும்போடு தொடைக்கறி முக்கால் கிலோ, மேலே தெரியும் கொழுப்பைக் கடையிலேயே எடுக்கச் சொல்லிவிடுவது. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்பு போட்டு எண்ணெய் இல்லாமல் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து மேலே ஏடு கட்டியிருக்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டியதுதான். எலும்பின் சாறு, கறியின் ருசி எல்லாம் கீழே அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மல்லி, மிளகு, சீரகம், மிளகாய் வற்றல் வறுத்து அரைத்துச் சேர்த்து, அதே குழம்பில் வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் போட்டுக் கொதிக்கவிடுவேன். கறியோடு காய் போடுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். கறி கொஞ்சமாக இருந்த காலத்தில் எல்லோருக்கும் குழம்பு எட்டட்டும் என்று செய்தது. அந்த வழக்கத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கறியில் ஊறிய வாழைக்காய்த் துண்டுக்கு எங்கள் வீட்டில் போட்டியே நடக்கும்.

மீன் வாரத்தில் இரண்டு நாள். பெரும்பாலும் சாளை, சென்னையில் மத்தி என்பார்கள். விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைய. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் சாளை பல மடங்கு கிடைக்கும், அதை மட்டமான மீன் என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மண்சட்டிப் புளிக்குழம்பில் போட்டு அடுத்த நாள் சாப்பிடுங்கள், தெரியும்.

சிறுதானியம் பற்றிக் கேட்பார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு குதிரைவாலியும் சாமையும் எல்லாக் கடைகளிலும் வந்துவிட்டன, நல்லதுதான். சாமைச் சோற்றில் சாளைக் குழம்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சாமையும் நூறு கிராமுக்கு அரிசியைப் போலவே 340, 350 கலோரிக்குப் பக்கம்தான். தீட்டிப் பளபளப்பாக்கிய சாமையில் நார்ச்சத்தும் குறைந்துபோகிறது. "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் பலன் ஒன்றும் இல்லை.

சமையலைவிடக் கடினமானது பரிமாறுவது. நம் ஊரில் அன்பைச் சோற்றால்தான் காட்டுவார்கள். அம்மா மருமகனைப் பார்த்து "இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கிடுங்க" என்று சொல்லும்போது, வேண்டாம் என்று அவர் சொன்னால் அவளுக்கு முகம் வாடிவிடும். அவளிடம் நான் சோற்றைக் குறைக்கச் சொல்லிப் பேசவில்லை. "அம்மா, துவட்டலை ரெண்டாந்தடவை வைங்க, கறித்துண்டு வைங்க, சோறு மட்டும் கேட்டா வைங்க" என்றேன். பொரியலைத்தான் நாங்கள் துவட்டல் என்போம். உபசாரத்தில் ஒன்றும் குறையவில்லை, கரண்டி போகும் பாத்திரம்தான் மாறியது. சோற்றுப் பானையை மேசை நடுவிலிருந்து அடுப்பங்கரைக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் துவட்டலையும் கூட்டையும் வைத்தோம். அப்பாவுக்கு இது மிகவும் ஒத்துப்போனது. அவர் எதிரில் இருப்பதைச் சாப்பிடுகிற மனிதர், எழுந்து போய்க் கேட்க மாட்டார்.

சாப்பிடும் வரிசையும் மாறியிருக்கிறது. முதலில் துவட்டல் அல்லது கூட்டு ஒரு கிண்ணம், மீனோ முட்டையோ இருந்தால் அது, அதற்கு அப்புறம்தான் சோறும் குழம்பும். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2015-ல் எழுதினார்கள். காயும் கோழிக்கறியும் முதலில் போய், ரொட்டி 15 நிமிடம் கழித்துப் போனால், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாகவே ஏறியது. 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லாத, கெடுதல் இல்லாத காரியம். செய்து பார்க்கலாம்.

எல்லோருக்கும் ஒரே தட்டு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் மகன் தினமும் கால்பந்து ஆடுகிறான், வளர்கிற வயது. அவனுக்கு அதே குழம்போடு சோறு இரண்டு பங்கு போகும், போகட்டும். ஊரில் வயல் வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் போய் நான் சோற்றைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பருப்பையும் கறியையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கிவிடாதீர்கள். மருந்து பழைய அளவிலேயே இருக்க, சாப்பாடு குறைந்தால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரை போகலாம். அப்பாவுக்கு நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். மருத்துவரும் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்.

அந்த நாள்களில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே குத்திப் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தோம். அதில் ஒன்று எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்ட உளுந்தஞ்சோற்றைவிட, லேசான பலகாரம் என்று நினைத்துக் கொடுத்த காலை இட்லிக்குத்தான் அவருக்குச் சர்க்கரை அதிகமாக ஏறியது. அதனால் இப்போது இட்லி மாவில் கை வைத்திருக்கிறேன். அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்ற கணக்கை இரண்டுக்கு ஒன்றாக்கி, தொட்டுக்கொள்ளச் சட்னிக்குப் பதில் காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம். உளுந்து கூடினால் இட்லி அமுங்கித் தட்டையாகிவிடும் என்கிறாள் அம்மா. ஒரு ஈடு ஊற்றிப் பார்த்தோம், அவள் சொன்னது சரிதான், கொஞ்சம் தட்டையாகத்தான் வருகிறது. தோசைக்கு அந்த மாவு அருமையாக இருக்கிறது.